வெறுங்கையால் தொட்ட தகடு

1
இந்தக் கதை ஒரு பட்டறைச் சுவரில் பிறந்தது. 'தேய்த்த தகட்டை வெறுங்கையால் தொடாதே' என்று எழுதியிருந்தது. ஏனென்று கேட்டேன். "வியர்வையில உப்பு இருக்குங்க. தொட்ட இடம் துருப்பிடிச்சிரும்" என்றார்கள். அப்போதே என் மனதுக்குள் ஒருவன் கையுறையைக் கழற்றிவிட்டான்.

2
பொறாமை என்பது மனத்தின் துரு, அது

(அடித்துவிட்டேன். இதை அச்சிடாத வார இதழ் உண்டா?)

மறுபடி. அவன் பெயின்டர். மனைவியின் தம்பியைப் பட்டறையில் சேர்த்துவிட்டவனே அவன்தான். இப்போது முதலாளி வாயைத் திறந்தால் மைத்துனன் புராணம். போதாக்குறைக்கு வீட்டிலும்.

"என் தம்பி கை பட்டா இரும்பும் வெள்ளியாயிடும்" என்றாள் மனைவி.

"அப்ப என் கை?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் சாப்பிடுது."

ஃபோர்மேன் வேலை காலி. இருவருக்கும் அதில் கண். மைத்துனன் தேய்த்த பெரிய தகட்டை மறுநாள் காலை பார்த்துவிட்டு முதலாளி ஆளை முடிவு செய்வார்.

3
மைத்துனனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. "நீங்க பெயின்ட் அடிச்சாத்தான் மாமா இதுக்கு அழகு" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனான். அந்தச் சிரிப்புதான் பெயின்டருக்குப் பொறுக்கவில்லை. கையுறையைக் கழற்றி, கையை விரித்துத் தகட்டின் நடுவில் அழுத்தினான். ஒரு கறையும் தெரியவில்லை.

(பனிக்கட்டி உருகினால் மறுபடி உறைய வைக்கலாம். இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் கூடித் துருவானால் அது வேறு பொருள். உப்பு அதை அவசரப்படுத்தும். சுரண்டி எறியலாம், சுரண்டியது பழைய இரும்பாகாது.)

4
காலை. அவன் எதிர்பார்த்தது திட்டுத் திட்டாய்த் துரு. தகட்டில் இருந்ததோ செம்பழுப்பில் ஒரு முழுக் கை. மோதிர விரல் மட்டும் பாதி. பட்டறையில் அப்படி வெட்டுப்பட்ட விரல் ஒருவனுக்குத்தான்.

மைத்துனன் தகட்டைப் பார்த்தான். பிறகு மாமாவின் கையைப் பார்த்தான்.

முடிவு அ: முதலாளி பார்த்துவிடுகிறார், பெயின்டருக்கு வேலை போகிறது. (நியாயம்தான். ஆனால் அவன் மனைவி என்ன பாவம் செய்தாள்?)

முடிவு ஆ: மைத்துனன் உப்புத்தாளை நீட்டுகிறான். "சீக்கிரம் தேய்ங்க மாமா. அவர் வண்டி வந்திருச்சு."

இதையே வைத்துக்கொள்ளலாமென்று நினைத்தேன். பெயின்டர் விடவில்லை.

"இதுலயும் நீதான் நல்லவனா, மாப்ள?"

உப்புத்தாளை வாங்கிக்கொள்ளச் சொல்லி எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்துவிட்டேன். கையை நீட்ட மாட்டேனென்கிறான். முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பானோ என்னவோ.