பிடித்தால் விடும் பிரேக்

திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் மெக்கானிக்கல் துறைத் தலைவர் குணபத்திரன், உலக நன்மைக்காகத் தன் மனைவியின் சைக்கிளைத் திருத்தியமைத்தார். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பின்சக்கர மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கும். பிரின்சிபால் அதை 'ஆற்றல் மீட்புப் புரட்சி' என்று பேசிச் சால்வை போர்த்தினார். பெருமுக்கல் மலையை விட்டால் மேடே இல்லாத பக்கத்தில் பிரேக்குக்கு அவ்வளவு என்ன வேலை என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் பேட்டரி தினமும் நிறைந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து மனைவி தர்மதேவி அந்தச் சைக்கிளில் ஊர் திரும்பியதும் அவர் பார்ப்பது மீட்டரைத்தான்.

"ஃபுல்லு. பாத்தியா தேவி?"

"பாத்தேங்க."

அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். சாய்ந்தபின் அந்த ஜைன வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. முன்பெல்லாம் வெளிச்சத்திலேயே வந்துவிடுவாள், சேர்ந்து சாப்பிடுவார்கள். இப்போது, "கடையில கூட்டங்க. பசியும் இல்ல" என்று படுத்துவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பைக் பஞ்சர். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏரிக்கரை வருவதற்குள் துறைத் தலைவருக்கு நாக்குத் தள்ளியது. இறங்கிப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார், அரைச்சுற்றில் நின்றது. பிரேக்கை லேசாகத் தொட்டார், தாராளமாகச் சுற்றியது. பிரேக் சுவிட்சைத் தலைகீழாக இணைத்திருக்கிறார். பிடித்தால் விடுகிறது, விட்டால் பிடிக்கிறது.

அப்படியானால் பேட்டரியில் நிறைந்தது தேவியின் கால் வலி. மிதிக்க முடியாமல் பொழுது சாய்ந்து வந்து அவள் கிடந்த பட்டினியை மீட்டரில் பார்த்துத்தான் அவர் இத்தனை நாள் பூரித்திருக்கிறார்.

தள்ளிக்கொண்டே வீடு வந்தார்.

"வண்டி கனக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சால்வ போத்திக்கினு வந்தீங்க. மூஞ்சில அப்புடி ஒரு வெளிச்சம். அத்த எப்புடிங்க அணைக்கிறது?"

"பசி இல்லன்னியே."

"பொய் சொன்ன பாவத்த தனியா கழிச்சிக்கிறேன், உடுங்க."

அன்றே சுவிட்சைச் சரிசெய்தார். திங்கள் மாலை சீக்கிரம் வந்து, எந்த வடிவியலுக்கும் அடங்காத கேப்பை அடைகளைச் சுட்டு வைத்துவிட்டு வாசலில் நின்றார். சூரியன் இன்னும் பனைமரத்துக்கு மேலே இருந்தது. தெருமுனையில் தேவி தெரிந்தாள். வீட்டெதிரே வந்துதான், வழி நெடுகப் பிடிக்காத பிரேக்கைப் பிடித்தாள். மீட்டர் விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைந்தது.

"அவ்ளோதாங்க இன்னிக்கி கரண்ட்டு."

"போதும். ஜல்தி கை கழுவு. நானும் இன்னும் சாப்பிடல."