நாலு நம்பர்

அங் மோ கியோ தாண்டியதுமே விரைவுச்சாலையில் முன்னால் போன கார்களின் பின்விளக்குகள் வரிசையாகச் சிவந்தன. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டி, "ஆரம்பிச்சிருச்சு லா" என்று இந்த ஊர் இழுவையில் சொன்னார். சுவிசேஷமுத்து என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், மனுஷர் வாயைத் திறந்தால் பிரசங்கம்தான். அதிலும் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஈ.ஆர்.பி. சாலைக் கட்டணத்தை இன்னும் ஏற்றினால் பாதிக் கார்கள் வீட்டிலேயே கிடக்கும், லாரிகளை ராத்திரியில் ஓட்டச் சொல்ல வேண்டும், வடக்கே கட்டிக்கொண்டிருக்கும் புதுச் சாலை திறந்துவிட்டால் எங்கள் ஈசூன்காரர்களுக்கு விடிவுகாலம். எல்லாருக்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பார், தன்னைத் தவிர.

எதிர்ப்பக்கச் சாலையில் ஏதாவது வண்டி இடித்துக்கொண்டு நின்றால் இவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். கழுத்தை நீட்டி, அடிபட்ட வண்டியின் நம்பரைப் படித்து, அன்று சாயங்காலமே நாலு நம்பர் லாட்டரியில் கட்டிவிடுவார். விபத்து வண்டியின் நம்பருக்கு யோகம் உண்டு என்று இந்த ஊரில் பாதிப்பேருக்கு நம்பிக்கை. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று இதில் மட்டும் பேதமே கிடையாது. நம் பக்கம் ரோடு சுத்தமாக இருக்கும், ஆனால் ஒவ்வொருத்தரும் ஒரு நொடி மெதுவாகப் போவதில் பின்னால் மைல் கணக்கில் தேங்கும். "ஜாமுக்குக் காரணம் தேடாதீங்க. நீங்கதான் ஜாம்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒருமுறை ஏதோ ஆறுதல் பரிசு விழுந்ததிலிருந்து என் பேச்சு எடுபடுவதில்லை. விபத்து எதுவும் கண்ணில் படாத வாரங்களில் எங்கள் மகனின் பைக் நம்பரைக் கட்டுவார்.

அந்த மகன் ஜோனத்தனுக்கு அடுத்த சனிக்கிழமை ஷார்லீனோடு கல்யாணம். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லூர்து மாதா கோயிலில் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஏர்கான் சர்வீஸ் வேலை முடிந்து அவன் நேரே கோயிலுக்கே போய்விட்டிருந்தான். நாங்கள் கார் நிறுத்துமிடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் போன் செய்தான். கம்பெனி டி-சட்டையோடு நிற்கிறானாம், முதுகில் கரியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டுக்குப் போய் அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டு வா. அயர்ன் பண்ணி ஒன் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கேன்."

"மம்மி, ரிஹர்சல்தானே? சாட்டர்டே ஈவ்னிங், சி.டி.இ. ஃபுல்லா ஜாம் லா."

"ஷார்லீன் அம்மா பாப்பாங்கடா. பைக்குக்கு ஏது ஜாம்? நெளிஞ்சு நெளிஞ்சு போயிடுவல்ல. ஓடு."

ஓடு என்றுதான் சொன்னேன். சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

நெரிசலில் கார் நகர்வதும் நிற்பதுமாக இருந்தபோது வானொலியில் பாட்டை நிறுத்தி அறிவித்தார்கள். சி.டி.இ. என்கிற மத்திய விரைவுச்சாலையில் பிராடல் ரோட்டுக்கு அருகே, வடக்கு நோக்கிச் செல்லும் தடத்தில் விபத்து. மோட்டார்சைக்கிளோட்டி ஒருவர். வாகனமோட்டிகள் வேறு வழியில் செல்லவும். பிறகு அதே பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இவர் கை நீட்டி அதை அணைத்தார்.

வடக்கு நோக்கி. கோயிலிலிருந்து ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவன் போகும் வழி அதுதான். நான் போனை எடுத்து அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன்.

"ஓட்டறப்ப எடுக்க மாட்டான்" என்றார்.

"இந்நேரம் வீட்டுக்கே போயிருக்கணுங்க."

அவருடைய பிரசங்கம் நின்றுபோனது. எதிர்ப்பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று எங்கோ சிக்கிக்கொண்டு அலறுவது கேட்டது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தேன். அருள்நிறை மரியே என்று தொடங்கினால் பாதியில் நீலச் சட்டை வந்து நின்றது. ஒரு சட்டை. யார் அந்தச் சட்டையைக் கேட்டார்கள்? சம்பந்தியம்மா கேட்டாரா? கரி படிந்த முதுகோடு என் பிள்ளை கோயிலில் நின்றிருந்தால் எந்த வானம் இடிந்து விழுந்திருக்கும்? என் வறட்டுக் கௌரவத்துக்கு அவனை விரட்டினேன்.

முன்னால் இருந்த ஒவ்வொரு காரும் ஒரே இடத்துக்கு வந்ததும் தயங்கி, பிறகு விர்ரென்று பறந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கா தெரியாது? எல்லாரும் நம்பர் பார்க்கிறார்கள். எங்கள் முறையும் நெருங்கியது. நடுத்தடுப்புக்கு மேலாக இழுவை வண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்றது.

"பிரிஜட்" என்றார் இவர். "நா பாக்க மாட்டேன். நீ பாரு."

பார்வையை நேரே ரோட்டில் வைத்திருந்தார். எந்த விபத்தையும் விடாமல் எட்டிப் பார்க்கும் மனுஷர், பக்கத்துக் கண்ணாடியைக்கூடப் பார்க்கப் பயந்தார்.

"மெதுவாப் போங்க" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்? நான்தான். "இன்னும் மெதுவா. நிறுத்துங்க!"

கார் அநேகமாக நின்றேவிட்டது. பின்னால் ஹார்ன்கள் காட்டுக்கத்தலாகக் கத்தின. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது நீலக் கூடாரம். செத்தவரை மறைக்கத்தான் போலீஸ் அதை விரிக்கிறார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு கறுப்பு பைக் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஜோனத்தனுடையதும் கறுப்பு. நம்பர் தகட்டுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் காலுக்கு இந்தப் பக்கம் இரண்டு எண்கள் தெரிந்தன. ஆறு, மூன்று.

எங்கள் மகனின் நம்பர் 6352.

"என்னா நம்பர்?" என்றார் இவர். "பிரிஜட், என்னா நம்பர்?"

நகருய்யா, நகர்ந்து தொலை என்று அந்த முகம் தெரியாத போலீஸ்காரரை மனதுக்குள் கெஞ்சினேன், திட்டினேன். முன்னால் போன காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் யாரையோ கூப்பிடத் திரும்பினார். கால் விலகியது.

"ஒண்ணு, ஏழு" என்றேன். "ஆறு, மூணு, ஒண்ணு, ஏழு. நம்மளுது இல்லங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நம்மளுது இல்ல!"

"மாதாவே" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். நான் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தபோதுதான் பைக்கின் கொக்கியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை இன்னும் மாட்டியிருப்பது தெரிந்தது. உள்ளே பொட்டலங்கள். யாருக்கோ சாப்பாடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கார் வேகம் எடுத்தது. எங்களுக்கு முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

கோயிலுக்கு நாங்கள் வந்த சற்று நேரத்துக்கெல்லாம் ஜோனத்தன் வந்துவிட்டான். தலை ஈரமாக, நீலச் சட்டையோடு. அவன் அந்த இடத்தைக் கடந்த பிறகுதான் விபத்து நடந்திருக்கிறது. "குளிச்சிட்டிருந்தேன் மம்மி, போன் சைலண்ட்ல இருந்துச்சு. திரும்ப வரப்ப அப்பர் தாம்சன் பக்கமா சுத்தி வந்தேன். ஏன் அழுறீங்க?" அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஷார்லீனின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

வாசலில் இருதயராஜ் அண்ணன் இவரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயில் பங்கில் இவருக்கு லாட்டரிக் கூட்டாளி. "முத்து, சி.டி.இ.லதானே வந்த? ஆக்சிடன்டாமே. நம்பர் பாத்தியா? கடை இன்னும் தெறந்துதான் இருக்கு, போனா கட்டிறலாம்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "பாக்கலண்ணே" என்றார்.

"நீயா பாக்கல?"

"பாக்கல லா."

ஒத்திகை தொடங்கச் சாமியார் கையைத் தட்டினார். நான் மட்டும் மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். இறந்தவர்களுக்காக வேண்டும்போது பெயர் சொல்லித்தான் வேண்டுவோம். இவனுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன், அந்தச் சிவப்புப் பைக்காக எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"ஆறு, மூணு..."

வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது முன்பாதியை நான் சொல்வேன், பின்பாதியை இவர் சொல்வார். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் முடித்தார்.

"ஒண்ணு, ஏழு."