சாம்பல் சேர்ந்த உரம்

கொட்டகைக்குள் 'சரக் சரக்'கென்று கேட்டுக்கொண்டிருந்த மண்வெட்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

கத்தரிச் செடிகளுக்கு நடுவே குனிந்து சொத்தைக் காய் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணி, புருஷன் சத்தம் ஒரு நிமிஷம் கேக்கலைன்னா தாங்காதா?" பக்கத்து வரிசையிலிருந்து நாத்தனார் சீண்டினாள்.

"உள்ளே என்ன பண்றார் உங்கண்ணன்?"

"அடுத்த நடவுக்கு உரம் கலக்குறார். எருவும் கெமிக்கலும் சேர்த்துப் போட்டா காய் நல்லாப் பிடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? ஈரக் கோழி எரு, அம்மோனியம் சல்பேட், அதுக்கு மேல ரெண்டு கூடை அடுப்புச் சாம்பல். காத்துல சாம்பல் பறக்குதாம். ஜன்னல்ல சாக்கை அடைச்சு, கதவையும் தாழ் போட்டுக்கிட்டார்."

சாம்பலா?

 உரக்கடைக்காரர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மக்கிய எருவை முதலில் மண்ணில் கலக்க வேண்டும். கெமிக்கலைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செடிக்கு வைக்க வேண்டும். சல்பேட்டோடு சாம்பல் மட்டும் சேரவே கூடாது, ஆளை மயக்கிப் போடும் வாயு கிளம்பும்.

ஆனால் அவள் புருஷனுக்கு இரண்டாவது வாக்கியம் கேட்கப் பொறுமை ஏது? அதனால் அவளும் ஒரே வரியில் முடித்திருந்தாள்: "ரெண்டையும் சேர்த்துப் போடணுமாம்."

கூடையை வீசிவிட்டு ஓடினாள்.

கொட்டகையை நெருங்கும்போதே கண் எரிந்தது. மூக்கில் ஊசி இறங்கியது.

"என்னங்க! கதவைத் திறங்க!"

உள்ளே ஒரு இருமல். பிறகு எதுவோ சரிந்து விழும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தகரக் கதவு அசையவில்லை. தோளால் மோதினாள், தோள்தான் வலித்தது.

"அண்ணி, கடப்பாரை!" பின்னாலேயே ஓடிவந்த நாத்தனாரின் முகத்தில் கிண்டல் செத்துப்போயிருந்தது.

அவள் பக்கத்துத் தொட்டியில் முந்தானையை நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டு, கீலுக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். ஒரு நெம்பு. இன்னொன்று. எத்தனை மூச்சு மிச்சமிருக்கும் அவருக்கு? தகரம் கிறீச்சிட்டுப் பிய்ந்தது. குப்பென்று அடித்த காற்றில் அவள் கண் இருண்டது.

வாசலுக்கு ஒரு கை தூரத்தில், தாழை நோக்கி நீட்டிய கையோடு குப்புறக் கிடந்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அசைவே இல்லை. நாத்தனார் குடம் குடமாக அவர் கண்ணில் தண்ணீர் ஊற்றினாள். இவள் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது.

"ஐயோ, ஏதாவது பேசுங்களேன்!"

விலா ஒருமுறை விம்மியது. வறட்டு இருமல். சிவந்த கண்கள் பாதி திறந்தன.

"கடைக்காரர்... வேற என்ன சொன்னார்?" தொண்டை கிழிந்த குரல்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சொல்றேன். முழுசாக் கேக்கணும்."

அவர் தலையாட்டினார். அவள் கையைப் பற்றியவர் விடவில்லை.