கட்டைவிரலுக்கு விடுப்பு

அன்று காலை அவர் கடைசியாகச் செய்த காரியம், சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதுதான்.

"இது ஆபீஸ் சொத்தும்மா. சோப்புத் தண்ணி பட்டு ரேகை அழிஞ்சா அப்புறம் எனக்கு வேலையே கிடையாது."

"சாப்பிட்டுட்டு விரலை நக்கினீங்களே, அப்போ அழியலையாக்கும்?" என்றாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். மத்தியானம் அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கட்டைவிரல் கதை எட்டு மாதமாக நடந்தது. நீர் வழங்கல் அலுவலகத்தில் அவர் எழுத்தர். கடவுச்சொல்லில் பதினாறு எழுத்து வேண்டும், மாதாமாதம் மாற்ற வேண்டும், பழையது திரும்பி வரக்கூடாது என்று உத்தரவு வந்ததும் மனிதர் திணறிப்போனார். துண்டுச் சீட்டில் எழுதிக் கணினியின் நெற்றியிலேயே ஒட்டிவைத்தார். அது மேலதிகாரியின் கண்ணில் பட, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகுதான் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு சாவியைக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நீளம்தான். கணினியில் செருகி, நடுவிலிருக்கும் பொன்னிறப் பொட்டைத் தொட்டால் உள்ளே விடும்.

"என் கட்டைவிரலைத் தவிர வேற யாரையும் அதுக்குத் தெரியாது" என்று அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்தார். அன்றோடு அவர் முறைக்குப் பாத்திரம் கழுவுவது நின்றது. வெங்காயம் நறுக்குவது, ஒட்டடை அடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. விரலுக்கு ஒரு ரப்பர் உறை வேறு.

அவர் போன மூன்றாவது வாரம், அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி வந்தாள். சாவியைத் திரும்ப ஒப்படைக்க வேண்டுமாம்.

"அது எங்கேயோ தொலைஞ்சு போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, மனைவி வந்தவளுக்கு டீ போட உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தாள். சர்க்கரை டப்பாவில் கரண்டியை விட்டு அள்ளி டீத் தம்ளரில் போட்டதும் டொப்பென்று சத்தம் கேட்டது.

வந்தவள் எட்டிப் பார்த்தாள். "எனக்குச் சர்க்கரை மட்டும் போதும்க்கா. சாவி வேண்டாம்."

டப்பாவில் ஒளித்துவைத்ததையே மறந்திருந்த மனைவி, சாவியை மீட்டு உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "தரமாட்டேன். அவரோட ரேகை இதுக்குள்ள இருக்கு. வேற எங்க இருக்கு எனக்கு?"

வந்தவள் கைநீட்டிக் கெஞ்சி வாங்கி, ஈரத்தைத் துடைத்து, ஊதிக் காயவைத்து, தான் கொண்டுவந்த கணினியில் செருகினாள்.

"தொடுங்கக்கா."

"என் விரலாலயா?"

"மூக்கால வேணும்னாலும் தொடுங்க."

அவள் நிஜமாகவே குனிந்து மூக்கால் தொட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"இது ரேகையெல்லாம் பார்க்காதுக்கா. யாரோ ஒருத்தர் தொட்டாப் போதும்."

"அய்யோ பாவம், அந்த மனுஷன் இது தெரியாமலே எட்டு மாசம்..."

வந்தவள் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முதல் நாளே சொல்லிட்டேன்க்கா. 'ரொம்ப நல்லதாப் போச்சு, வீட்டுல மட்டும் வந்து சொல்லிடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

அவள் கணினியில் செருகியிருந்த சாவியை முறைத்தாள்.

"அட களவாணி!"

மூன்று வாரத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், புரையேறியது. கண்ணிலிருந்து வந்தது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போம்மா" என்றாள். "அவர் இதுல இல்லை."

வந்தவள் போன பிறகு இரண்டு தம்ளர்களையும் தொட்டிக்குக் கொண்டுபோனாள். குழாயின் கைப்பிடியில் அவர் கழற்றி மாட்டிய ரப்பர் விரலுறை அப்படியே இருந்தது. அன்றும் பாத்திரம் கழுவியது அவள்தான்.