பலீலுக்கு முன் இறங்கிய பிரிட்ஜ்

2022 ஒக்டோபர் பதினெட்டாம் திகதி காலை உக்குவளை பலீல் கட்டிலை விட்டு இறங்கியபோது, அவருடைய கால்கள் தரைக்குப் போய்ச் சேராமல் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. வீட்டில் யாரும் கூச்சல் போடவில்லை. பிரிட்ஜும் வொஷிங் மெஷினும் அதற்கு இரண்டு மாதம் முன்பே மேலே கிளம்பி, ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. கிரெடிட் கார்டில் வாங்கியது எதுவாக இருந்தாலும், தவணை நாளுக்குள் முழுக்கக் கட்டாவிட்டால் அந்த வீட்டில் நிலத்தில் நிற்காது. பலீல் கடையில் வாங்கிய சாமான் இல்லைதான். ஆனால் செப்டெம்பரில் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததற்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை, அவர் மனைவி மஸீஹா டீச்சர் இரண்டாவது கார்டில்தான் தேய்த்திருந்தார்.

பலீல் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. மாத்தளை பஸ்ஸில் கொண்டக்டர் அவரிடமும் முழு டிக்கட் வாங்கினார். புடவைக்கடையில் மேல்தட்டுச் சாமான்களை எல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். முதலாளிக்கு அதில் பரம திருப்தி, சம்பளத்தைத்தான் கூட்டவில்லை. தொழுகை மட்டும் அவருக்குப் பெரிய துக்கமாகிவிட்டது. ஸஜ்தாவில் நெற்றி நிலத்தில் படவில்லை. கீழே தலையணைகளை அடுக்கினால் அந்த அளவுக்கு அவரும் மேலே போனார். சுகமில்லாதவர் மாதிரி சைகையால் தொழலாம் என்று மௌலவி சொன்னார். பலீல் தலையாட்டிவிட்டு வந்தார். "தல வைக்க ஒரு எடம் இல்லாத மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார்.

டீச்சர் பாடசாலையில் படிப்பிப்பது கணிதம். அப்படியிருந்தும் பில்லில் மினிமம் என்று போட்டிருந்த தொகையைக் கட்டினால் ஒழுங்காகக் கட்டியதாகத்தான் நினைத்தார். ஏழு மாதம் ஒரு நாள் பிந்தாமல் கட்டினார். கட்டியதால் கார்டில் கிடைத்த இடத்தில் அரிசியும் மாவும் வாங்கினார். பலீல் மாதம் இரண்டு விரற்கடை உயர்ந்து, நோன்புப் பெருநாளுக்கு முழ உயரத்தில் நின்றார். அதற்குப் பிறகுதான் டீச்சர் வங்கிக்குப் போனார். கவுண்டரில் இருந்த சிவநந்தினி இரண்டு கார்டின் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மினிமம்னா கடன முடிக்கிற கணக்கு இல்லங்க டீச்சர். கடன அப்படியே வச்சிருக்கிற கணக்கு" என்றாள். ஆஸ்பத்திரிக் கடனைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றிக் கொடுத்தாள். கார்டுகளை வெட்டச் சொன்னாள். மிச்சம் பிடிக்கும் காசை எல்லாம் வட்டி கூடிய கார்டில் போட்டு அதை முதலில் முடிக்கச் சொன்னாள். வட்டி கூடியது, பிரிட்ஜும் வொஷிங் மெஷினும் வாங்கிய முதல் கார்ட்.

டீச்சர் வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். மூன்று தரமும் அது சரியாகவே வந்தது, அதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது. கார்டுகளைக் கத்தரித்தார். அடகு வைத்தால் அதற்கும் வட்டி என்று இரண்டு காப்புகளை விற்றே விட்டார். சனி ஞாயிறுகளில் டியூஷன் எடுத்தார். தம்புள்ளையிலிருந்து மூட்டையாக மரக்கறி எடுப்பித்து மூன்று வீடுகள் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு மாதம் முழுக்கப் பூசணிக்காயாகவே அமைந்ததும் உண்டு. பலீலின் தங்கை ஹமீமா வந்து பார்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள். "நானாவ அந்தரத்துல விட்டுட்டு பிரிட்ஜ எறக்குறீங்களே மச்சி, ஒங்களுக்கு எப்படி மனசு வருது?" மேலேயிருந்து பலீல்தான் பதில் சொன்னார். "அவ கணக்கு சரி. பிரிட்ஜ் மொதல்ல எறங்கட்டும். நான் எங்க போகப்போறேன்?"

2024 மே மாதம் வொஷிங் மெஷின் இறங்கி ஒரு டைல்ஸை உடைத்தது. ஜூலையில் பிரிட்ஜ் இறங்கியது. டீச்சர் அதைத் துடைத்துக்கொண்டே அழுதார். மறுமாதத்திலிருந்து அந்தக் காசும் சேர்ந்து பலீலின் கணக்குக்குப் போனது. அவர் விரல் விரலாகத் தாழ்ந்தார். அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது, இருவருக்கும் தலை நரைத்தது.

கடைசித் தவணையை 2025 செப்டெம்பரில், பாடசாலை இடைவேளையில், டீச்சர் போனிலேயே கட்டினார். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு அலுப்பு. வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில் வீட்டின் முன்கூடமான சாலையில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. பலீலைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. டீச்சர் பயந்துபோய், "யாரது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் பலீல்.

டீச்சர் எழுந்து போனபோது அவர் வெறுந்தரையில் ஸஜ்தாவில் இருந்தார். வெகுநேரமாகியும் எழும்பவில்லை. பதறிக் குனிந்து பார்த்தால் குறட்டை கேட்டது. மனுஷன் நெற்றியை நிலத்தில் வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தார். டீச்சர் எழுப்பவில்லை. தாமும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று சோறு அடிப்பிடித்தது.