லாயமா, சிறையா?

கடைக்காரர்கள் அவரை முள்ளு சார் என்பார்கள். எடையளவு ஆய்வாளர். தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டார். ஆபீசில் அது நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது; வீட்டில் உயிரை வாங்கியது. திரைச்சீலை நீலமா பச்சையா என்று கேட்டால் இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதை அலசிவிட்டு, கடைசியில் "நீயே சொல்லிடேன்" என்பார். கல்யாணமானதிலிருந்து எல்லாவற்றையும் மனைவிதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கல்யாண நாளுக்கு அவள் ஒரே ஒரு பரிசு கேட்டாள்.

"கோட்டைத் தெருவுல ரெண்டு பெரிய ஹோட்டல் இருக்குல்ல? எதுல சாப்பிடலாம்னு நீங்க சொல்லணும். நான் வாயத் திறக்க மாட்டேன். இதுகூட முடியலன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். சத்தியமா."

அவள் சத்தியம் செய்தால் செய்ததுதான்.

எதிரும் புதிருமாக நிற்கும் ஹோட்டல்கள். ஒன்று பழைய ராஜாவின் குதிரை லாயம், மற்றது அதே ராஜாவின் சிறை. குதிரை புல் தின்ற இடத்திலும் கைதி பட்டினி கிடந்த இடத்திலும் இப்போது வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கரண்டி. பணக்காரர்களுக்கு எங்கே உட்கார்ந்தால்தான் என்ன, இடம் பழசாக இருந்தால் போதும்.

முள்ளு சார் தெரு நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஆபீஸ் தராசை எடுத்தார். கல்யாண நாளிலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், மனுஷன்.

இரண்டு வாசலிலும் ருசி பார்க்க வைத்திருந்த ரொட்டியில் ஒவ்வொன்றை எடுத்துத் தட்டுகளில் வைத்தார். முள் நட்டநடுவே நின்றது.

"சமம்," என்றார். முகம் வெளுத்துவிட்டது.

"எங்க ரொட்டியும் அவங்க ரொட்டியும் சமமா?" என்று லாயத்து மேனேஜர் ஓடிவந்து தன் தட்டில் வெண்ணெயைப் போட்டார். சிறை மேனேஜர் ஒரு கை ஆலிவ் போட்டார். வெள்ளிக் கரண்டிக்கு வெள்ளிக் கரண்டி விழுந்தது. இவர் டையைக் கழற்றிப் போட, அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

"சார், கண்ணாடி உணவுப் பொருள்ல வராது," என்றார் முள்ளு சார். யார் கேட்டார்கள்?

லாயத்துச் சமையல்காரர் தானே தட்டில் ஏறி உட்காரப் பார்த்தார். பரிமாறுகிறவர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. முள் மட்டும் இம்மியும் அசையவில்லை.

மனைவிக்குப் புதுச் செருப்பு கடித்தது. பசி காதை அடைத்தது. சொன்ன சொல் தவறாமல் அவள் வாயைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து லாயத்துத் தட்டில் வைத்துவிட்டு நடந்தாள்.

தட்டு சாய்ந்தது.

"ஜெயிச்சிட்டோம்!" லாயத்துக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "வாங்க சார், டேபிள் ரெடி!"

முள்ளு சார் முள்ளைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் முதுகுக்குப் பின்னால் முள் மறுபடி நடுவுக்கு வந்தது. சண்டையும் மறுபடி ஆரம்பித்தது.

தெருமுனையில் அவளைப் பிடித்துவிட்டார்.

"தராசு எங்க?" என்றாள்.

"விட்டுட்டு வந்துட்டேன்."

குளியலறை வாசல்வரை அதைக் கொண்டுபோகிறவர். அவள் நின்றுவிட்டாள்.

"ஜெயிலுக்கே போலாம், வா," என்றார்.

"ஏன்? லாயம்தான ஜெயிச்சுது?"

அவர் காரணம் தேடினார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"சும்மாதான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குச் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான்.

சிறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை, எல்லோரும் தெருவில் தராசைச் சுற்றி நின்றார்கள். மேஜைமேல் மிஞ்சியிருந்த ஒரே ரொட்டியை முள்ளு சார் கையாலேயே பிய்த்தார். பெரிய துண்டு அவளுக்குப் போனது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.