வில்லனின் முழங்கால்

1931இல் நான் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீயில் ஒரு சினிமா ஸ்டூடியோவின் உடைப் பிரிவில் வேலை பார்த்தேன். அந்த வசந்தத்தில் ஒரு துப்பறியும் படம் எடுத்தார்கள். கொலைகாரனாக நடித்தவர் செட்ரிக் ஆம்பர்லி. பேசாப் படங்களில் பத்து வருஷம் வில்லனாக இருந்தவர். பேசும் படத்துக்கான குரல் சோதனையில் தேறிவிட்ட நிம்மதியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், கதையில் வரும் விடுதியின் மாடிப்படியில் அவர் ஏறும் காட்சி. பாதியிலேயே ஒலிப்பதிவாளர் டக்வெல் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

“ஷூ கிறீச்சுங்குது. வசனமே கேக்கல.”

ஷூ என் பொறுப்பு. எண்ணெய் விட்டேன், பவுடர் போட்டேன், வேறு ஜோடி மாற்றினேன். கடைசியில் வெறும் காலுறையோடு ஏறச் சொன்னேன். அப்போதும் கிறீச்.

“ஷூ இல்ல நோரா, என் முழங்கால்” என்றார் ஆம்பர்லி மெல்ல. “போர்ல அடிபட்டது. பேசாப் படத்துல யாருக்குக் கேட்டுச்சு?” அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஆளை மாத்திட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார் டக்வெல்.

எனக்குப் பொறுக்கவில்லை. இயக்குநர் ஹேடோவிடம் போனேன்.

“சார், கதையில துப்பறியிறவர் எதை வச்சுக் கொலைகாரனைப் பிடிக்கிறார்?”

“ஒரு தலைமுடிய வச்சு.”

“அதான் எல்லாப் படத்துலயும் வருதே. நம்ம கதையில வர்ற விடுதிக்காரம்மாவுக்குக் கண்ணு தெரியாது. படியில கேட்ட சத்தத்தை அவங்க மறப்பாங்களா?”

ஹேடோ பைப்பை வாயிலிருந்து எடுத்தார். பிறகு டக்வெல் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சத்தத்தை இன்னும் பெருசாக் கேக்க வைக்க முடியுமா?”

“வசனம் வேணாம்னா முடியும்.”

“வேணாம்.”

மைக்கைப் படிக்கட்டுக்கு அடியில் மறைத்தார்கள். ஆம்பர்லி பதினான்கு முறை ஏறினார். மாலையில் வீங்கிய காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றபடி சொன்னார்: “இன்னிக்கு மாதிரி நான் நடிச்சதே இல்ல நோரா.”

“நீங்க எங்க நடிச்சீங்க? கால்தானே நடிச்சுது.”

டக்வெல்லே சிரித்துவிட்டார்.

அக்டோபரில் படம் வெளியானது. கில்பர்ன் திரையரங்கில் என் தங்கையோடு போய்ப் பார்த்தேன். அந்தக் காட்சியில் அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை. அவள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

குளிர்காலத்துக்குள் ஆம்பர்லிக்கு இன்னும் மூன்று படங்கள் வந்தன. ஒரு ஞாயிறு அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. சுட்ட மாட்டிறைச்சியை அவரே வெட்டிப் பரிமாறினார்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க என்னைப் பார்த்தாலே ஓடுறாங்க” என்றார் பெருமை தாங்காமல்.

“மீன்காரன்கூட வரிசையில இவரை முன்னால விட்டுடுறான்” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள்.